ஒரு 'குட்மார்னிங்' சொல்லியிருந்தா..!

உங்களுக்கும் ஒரு பஸ் ஸ்டாப் இருக்கும். இல்லேன்னா லைப்ரரியில ஒரு மூலை, கேன்டீன்ல ஒரு டேபிள், குறைஞ்சபட்சம் பக்கத்து டிபார்ட்மென்ட் வராந்தாவாவது இருக்கும். அங்கே ஒரு முகம். 'இன்னிக்கு எப்படியும் பேசிடணும்'னு ராத்திரியே முடிவு பண்ணியிருப்பீங்க. பத்தடி தூரத்துல போனதும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். உள்ளங்கை வேர்க்கும். உடனே செல்போனை எடுத்து, வராத மெசேஜை ரொம்ப சீரியஸா படிச்சுக்கிட்டே கடந்து போயிடுவீங்க. சரிதானே?

கையைக் கொடுங்க பாஸ், நானும் உங்க கட்சிதான்!

என் பஸ் ஸ்டாப் மதுரை காளவாசல். மேம்பாலத்துக்கு அடியில, காலையில 7.10-க்கு காலேஜ் பஸ் வரும். ஃபர்ஸ்ட் இயர் முழுக்க, செகண்ட் இயர்ல பாதி வரைக்கும் அதே ஸ்டாப்ல ஒரு பொண்ணும் நின்னா. வேற டிபார்ட்மென்ட். அந்த ஒன்றரை வருஷத்துல நான் அவகிட்ட பேசின மொத்த வார்த்தைகள் எத்தனை தெரியுமா? பூஜ்யம்!

'பேசலைன்னா உனக்குத்தானே நஷ்டம், அடுத்தவங்களுக்கு என்ன?'னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நஷ்டம் யாருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு, எனக்குச் சோறு இறங்கலை.

ரெண்டே ரெண்டு சிலபஸ்!

பன்னிரண்டாவது வரைக்கும் நான் படிச்சது ஆண்கள் பள்ளி. அப்புறம் இன்ஜினீயரிங். எங்க காலேஜ் பஸ்ல பொண்ணுங்க முன்னாடி, பசங்க பின்னாடி. கிளாஸ்ல பொண்ணுங்க இந்தப் பக்கம், பசங்க அந்தப் பக்கம். பேசினா, 'என்னப்பா அங்கே மீட்டிங்?'னு ஒரு குரல் வரும். இப்படியே வளர்த்துட்டு, ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங்ல மட்டும் 'உங்களுக்கெல்லாம் கம்யூனிகேஷன் ஸ்கில்லே இல்லை'னு திட்டுவாங்க. எப்படி சார் வரும்?

ஸோ, நமக்கு வாத்தியார் சினிமாதான். அங்கே இருந்தது ரெண்டே சிலபஸ். ஒண்ணு, முரளி சிலபஸ். 1991-ல வந்த 'இதயம்' படத்துல, மெடிக்கல் காலேஜ் மாணவரா வர்ற முரளி, காதலைச் சொல்ல முடியாமத் தவிச்சே நம்மளைக் கலங்கடிப்பார். இன்னிக்கும் பேசத் தயங்குறவனுக்கு 'இதயம் முரளி'ன்னுதான் பேரு. 1998-ல வந்த 'சொல்லாமலே' படத்துல லிவிங்ஸ்டன் ஊமை மாதிரி நடிச்சு, கடைசியில நாக்கையே அறுத்துக்குவார்! ரெண்டாவது, விரட்டுற சிலபஸ். பஸ் ஸ்டாண்டு, கோயில், காலேஜ் வாசல்னு ஹீரோ பின்னாடியே போவார். அந்தப் பொண்ணு 'போடா'ன்னு சொல்லச் சொல்ல, இன்னும் கொஞ்சம் பின்னாடி போவார். அடுத்த சீன்ல ரெண்டு பேரும் வெளிநாட்டுல டூயட்!

முதல் சிலபஸ்ல வாயைத் திறக்கவே கூடாது. ரெண்டாவதுல மூடவே கூடாது. நடுவுல, 'ஹலோ, நீங்க எந்த டிபார்ட்மென்ட்?'னு சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போற பாடத்தை யாரும் நடத்தவே இல்லை.

நான் முதல் சிலபஸ்ல டிஸ்டிங்ஷன். தினமும் அதே தூண் பக்கத்துல நின்னு, அவ வர்ற திசையையே பார்த்துக்கிட்டு இருப்பேன். அவ திரும்பினா நான் பாலத்தைப் பார்ப்பேன். கூட நிக்கிற பசங்க, 'மாப்ள, வந்தாச்சுடா!'னு கோரஸா தொண்டையைச் செருமுவாங்க. நான் வெட்கப்பட்டுச் சிரிப்பேன். 'நாம என்ன, பின்னாடி போறோமா? தொந்தரவு பண்றோமா? கண்ணியமா தூரத்துல நின்னு பார்க்கிறோம். அவ்வளவுதானே!'னு எனக்கு நானே ஒரு நல்லவன் சர்ட்டிஃபிகேட் வேற கொடுத்துக்கிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை அவ வரலை. பஸ் கிளம்பி அடுத்த ஸ்டாப்ல நின்னப்போ, அங்கே ஏறினா. வீடு மாத்திட்டாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

அரை கிலோமீட்டர்

ஒரு மாசம் கழிச்சு லேப்ல என் க்ளாஸ்மேட் ஒருத்தி பேச்சுவாக்குல சொன்னா... ''உங்க காளவாசல் ஸ்டாப்ல எவனோ ஒருத்தன் டெய்லி முறைச்சுப் பார்த்துக்கிட்டே நிப்பானாம். கூட நாலு பேர் இருமுவாங்களாம். என் ஃப்ரெண்ட் பயந்துபோய் அரை கிலோமீட்டர் நடந்து அடுத்த ஸ்டாப்ல ஏறுறா. வீட்டுல சொன்னா படிப்பையே நிறுத்திடுவாங்களோன்னு சொல்லலை. நீயும் அந்த ஸ்டாப்தானே... யாருன்னு தெரியுமா?''

''தெரியாது''ன்னேன்.

அன்னிக்கு எடுத்த ரீடிங் எல்லாமே தப்பு. வீட்டுக்கு வந்து யோசிச்சா, தப்பு அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. என் பயம் எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு, பயந்துபோய் நிக்கிறவனும் ஒண்ணுதான், முறைச்சுக்கிட்டு நிக்கிறவனும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் பேசாமப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. இதுல யார் 'இதயம்' முரளி, யார் வில்லன்னு அந்தப் பொண்ணு எப்படிக் கண்டுபிடிப்பா?

130 பெஞ்சுகள்

பேசக் கத்துக்கணும்னு அப்போதான் தோணுச்சு. லைப்ரரியில உளவியல் புத்தகங்களைப் புரட்டினப்போ ஆல்பர்ட் எல்லிஸ் சிக்கினார். 1955-ல உளவியல் சிகிச்சையில ஒரு புது முறையையே தொடங்கின அமெரிக்கர். அவரே பல தடவை சொன்ன கதை இது.

19 வயசுல அவருக்குப் பெண்கள்கிட்ட பேசுறதுன்னா உதறல். நியூயார்க்ல பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு மாசம் போனார். பெஞ்சுல தனியா உட்கார்ந்திருக்கிற பெண்கள் பக்கத்துல உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கணும்னு தனக்குத்தானே ஒரு அசைன்மென்ட். மொத்தம் 130 பேர். 30 பேர் உடனே எழுந்து போயிட்டாங்க. மீதி 100 பேர்கிட்ட பேசினார். அதுல ஒரே ஒருத்தர் மட்டும் மறுபடி சந்திக்கச் சம்மதிச்சாங்க. சொன்ன நாள்ல அவங்களும் வரலை!

130-க்கு சைபர். நம்ம ஊர் அரியர் மன்னர்கள்கூட இப்படி ஒரு மார்க் வாங்கியிருக்க மாட்டாங்க. ஆனா, எல்லிஸுக்குப் பயம் போயிடுச்சு. மனசு கற்பனை பண்ணிவெச்ச பயங்கரம் எதுவும் நடக்கலை. யாரும் போலீஸைக் கூப்பிடலை. நிராகரிப்புங்கிறது சங்கடம்தானே தவிர, சாவு இல்லைங்கிறது அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

கதை செம. ஆனா, இதை அப்படியே நம்ம ராஜாஜி பார்க்ல செஞ்சு பார்க்காதீங்க பாஸ்! எல்லிஸுக்கு அது பரிசோதனை. நிம்மதியா உட்கார வந்தவங்களுக்கு? பக்கத்துல திடீர்னு ஒரு ஆள். அரை கிலோமீட்டர் கதையைக் கேட்டவன் நான். அதனால ஃபார்முலாவை மட்டும் எடுத்துக்கிட்டு சிலபஸை மாத்தினேன். அழகா இருக்கிறவங்ககிட்ட மட்டும் பேசிப் பழகினா, ஒவ்வொரு பேச்சும் எக்ஸாம் மாதிரி ஆயிடும். எல்லார்கிட்டயும் பேசிப் பழகினா, அது வெறும் பேச்சு.

முப்பது நாள் லேப்

ரூல் சிம்பிள். தினமும் ஒரு ஆள்கிட்ட, தேவைக்கு மேல ஒரே ஒரு வாக்கியம் பேசணும்.

முதல் நாள், டீக்கடை அண்ணன். ஒன்றரை வருஷமா அவர்கிட்ட 'ஒரு டீ'ங்கிறதைத் தவிர எதுவும் பேசினதில்லை. ''அண்ணே, கடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?''னு கேட்டேன். ''மூணரைக்கு எந்திரிச்சிருவேன் தம்பி. நாலு மணிக்குப் பால் வந்துரும்ல...''னு ஆரம்பிச்சவர், பஸ் வர்ற வரைக்கும் நிறுத்தலை. மூணாவது நாள், பூக்கார அக்கா. பனி மாசத்துல மொட்டு கம்மியா வரும், அப்போ முகூர்த்தமும் சேர்ந்தா மல்லிகை விலை எகிறிடும்னு அவங்க சொன்னது எந்த எகனாமிக்ஸ் கிளாஸ்லயும் எனக்குப் புரியாத டிமாண்ட் சப்ளை.

அஞ்சாவது நாள் பல்பு. ''சார், இன்னிக்குக் கூட்டம் கம்மியா இருக்கே?''னு லைப்ரரியில கேட்டேன். ''ஐ.டி. கார்டை ஏன் போடலை?''னு திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான் அன்னிக்கு லேப். ஆனா, பாருங்க... மறுநாளும் சூரியன் உதிச்சுது!

ஒன்பதாவது நாள்தான் எனக்கு நிஜமான டெஸ்ட். கிளாஸ்ல அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பொண்ணுகிட்ட, நோட்டை நீட்டி, ''இந்த சம் உங்களுக்குப் புரியுதா?''ன்னேன். நெஞ்சு பம்ப் செட் மாதிரி அடிக்குது. அவ நோட்டைப் பார்த்துட்டு, ''சுத்தமா புரியலை. உங்களுக்கு?''ன்னா. ''அதனாலதானே கேட்டேன்!'' ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். அவ்வளவுதாங்க. இதுக்குத்தான் பதினெட்டு வருஷம் பயந்திருக்கேன்!

அப்புறம் ஒருநாள் அவளே சொன்னா... ''எங்களுக்கும் பேசணும்னு தோணும். ஆனா, நாங்க ஒரு வார்த்தை பேசினா, மறுநாளே போர்டுல ரெண்டு பேரையும் சேர்த்து எழுதிடுறீங்க. அதுக்குப் பேசாமலே இருக்கலாமே!''

சுருக்குன்னு இருந்துச்சு. பயம் ரெண்டு பக்கமும் இருக்கு. ஆனா, ஒரே பயம் இல்லை. நமக்கு, 'அசிங்கப்பட்டுடுவோமோ'ன்னு பயம். அவங்களுக்கு, 'இது எங்கே போய் முடியுமோ'ன்னு பயம். நம்ம பயத்தை நாமதான் பார்த்துக்கணும். அவங்க பயத்தைக் குறைக்கிறதும் நம்ம கையிலதான் இருக்கு. இருமுற கோஷ்டியை அடக்குறதுல இருந்து அதை ஆரம்பிக்கலாம்.

நம்ம பயத்துக்கு ஆராய்ச்சிக்காரங்க தர்ற ஆறுதல் ரெண்டு இருக்கு. 2000-ல அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டி உளவியல் ஆய்வாளர்கள், மாணவர்களுக்குக் கூச்சப்பட வைக்கிற ஒரு டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, நாலு பேர் இருக்கிற ரூமுக்குள்ள அனுப்பினாங்க. 'கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்க'ன்னு டி-ஷர்ட் போட்டவங்க நெனச்சாங்க. நிஜத்துல கவனிச்சது கால்வாசிப் பேர்தான். 2018-ல வெளியான இன்னொரு ஆய்வுல, முன்பின் தெரியாத ரெண்டு பேரைப் பேச வெச்சு, அப்புறம் தனித்தனியா கேட்டாங்க. தன்னை எதிராளிக்கு எவ்வளவு பிடிச்சிருக்கும்னு ஆளாளுக்குக் குறைச்சலாத்தான் நெனச்சிருந்தாங்க. அதாவது, நாம சொதப்புறதை நாம நெனைக்கிற அளவுக்கு யாரும் கவனிக்கிறதில்லை. நாம நெனைக்கிற அளவுக்கு மோசமா நாம பேசுறதும் இல்லை!

ஹேண்ட்ஷேக் தெரியுமா?

நெட்வொர்க்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு டி.சி.பி. ஞாபகம் இருக்கும். ரெண்டு கம்ப்யூட்டர் பேசிக்கிறதுக்கு முன்னாடி மூணு படி இருக்கு. இது, 'பேசலாமா?'னு ஒரு 'சின்' அனுப்பும். அது, 'பேசலாமே'ன்னு 'சின்-ஆக்' அனுப்பும். இது, 'சரி'ன்னு 'ஆக்' அனுப்பும். அப்புறம்தான் டேட்டாவே போகும். பொண்ணா இருந்தாலும், பையனா இருந்தாலும் பேச்சுக்கும் இதே கணக்குதான்.

'சின்'னுக்குப் பெரிய டயலாக் வேண்டாம். ரெண்டு பேருக்கும் முன்னாடி என்ன இருக்கோ, அதுவே போதும். லேட்டா வர்ற பஸ், கேன்டீன் சாம்பார், இன்டர்னல் தேதி... எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். அழகு, டிரெஸ் பத்தி முதல் வாக்கியத்துல கமென்ட் அடிக்காதீங்க. அதுக்கு அவங்களால என்ன பதில் சொல்ல முடியும்? 'ஆமா', 'இல்லை'யோட முடியாத கேள்வியா இருந்தா நல்லது. அவங்க சொல்ற பதில்ல இருந்தே அடுத்த கேள்வி கேளுங்க. ராத்திரி மனப்பாடம் பண்ணின லிஸ்ட்ல இருந்து கேட்டா, வைவா மாதிரி இருக்கும்.

'சின்-ஆக்' வந்துச்சான்னு பாருங்க. உங்களைப் பார்த்துத் திரும்பி, சிரிச்சு, பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டா வந்துடுச்சு. 'ம்', 'ஆமா'ன்னு ஒத்தை வார்த்தை, கண்ணு போன்லேயே இருக்கு, கால் வேற பக்கம் நகருதுன்னா வரலை. ''ஓகேங்க, பார்க்கலாம்''னு சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. காதுல இயர்போன் போட்டிருக்கிறவங்க, இருட்டுல தனியா நடந்து போறவங்க, கவுன்ட்டர்ல வேலை பார்க்கிறதால நகர முடியாதவங்க... இவங்ககிட்ட 'சின்' அனுப்பவே வேண்டாம்.

பதில் வரலைன்னா டி.சி.பி. என்ன பண்ணும்? கொஞ்சம் காத்திருந்து மறுபடி அனுப்பும். அடுத்த தடவை இன்னும் அதிக நேரம் காத்திருக்கும். சில தடவைக்கு மேல விட்டுடும். ஒரு மெஷினுக்கே அந்த மரியாதை தெரியுது! பதிலைப் பத்திக் கவலையே படாம 'சின்'னா அனுப்பிக் குவிச்சா, நெட்வொர்க்ல அதுக்குப் பேரு அட்டாக். இன்ஸ்டாவுல பதில் வராம பதினேழு 'ஹாய்' அனுப்புறவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிங்க. மனுஷங்க 'வேண்டாம்'னு தெளிவாச் சொல்லிட்டா, ஒரு தடவைகூட மறுபடி கிடையாது. ஒரு பொண்ணு விருப்பமில்லைன்னு தெளிவாக் காட்டின பிறகும் திரும்பத் திரும்பப் பின்னாடி போறதும், பேச முயற்சி பண்றதும் 2013-லயே சட்டப்படி குற்றம் ஆயாச்சு. ஜூலை 2024-ல இருந்து நடைமுறையில இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவுல அது 78-வது பிரிவு. முதல் தடவைக்கே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். டூயட் எல்லாம் சினிமாவுல மட்டும்தான்!

மறுபடி காளவாசல்

முப்பது நாள் முடிஞ்சதும் பாக்கி இருந்த கடனை அடைக்கணும். முதல்ல என் க்ளாஸ்மேட்கிட்ட போய், ''அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னது பொய். அது நான்தான்''னு சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ''ஸாரி சொல்லணும். ஆனா, அவங்களுக்குக் கேட்க இஷ்டம் இருந்தா மட்டும்''னேன். ரெண்டு நாள் கழிச்சு, ''கேன்டீனுக்கு வா. நானும் கூட இருப்பேன்''னா.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோச்சு. ''காளவாசல்ல நின்னது நான்தாங்க. பேசப் பயந்துகிட்டு பார்த்துக்கிட்டே நின்னேன். அது உங்களைப் பயமுறுத்தும்னு எனக்குத் தோணவே இல்லை. ஸாரி. பசங்ககிட்டயும் சொல்லிட்டேன். இனி யாரும் இரும மாட்டாங்க.''

அவ டம்ளரையே பார்த்துக்கிட்டு இருந்துட்டுச் சொன்னா... ''ஒரு குட்மார்னிங் சொல்லியிருந்தா, நான் தினமும் அரை கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டாம்ல?''

''சொல்லியிருந்தா பேசியிருப்பீங்களா?''

''தெரியாது. ஆனா, பயந்திருக்க மாட்டேன்.''

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு காலையில காளவாசலுக்கே வந்தா. நான் தூணை விட்டு நகர்ந்து, ''குட்மார்னிங்''னேன். ''குட்மார்னிங்''னா. பஸ் வந்துச்சு. அவ முன்னாடி ஏறினா, நான் பின்னாடி ஏறினேன்.

அப்புறம் தினமும் ரெண்டு நிமிஷம் பேச்சு. இன்டர்னல் மார்க், ரெக்கார்ட் நோட், டிரைவர் அண்ணன் போடுற பாட்டு. பேசப் பேசத்தான் தெரிஞ்சுது, ஒன்றரை வருஷமா நான் ரசிச்சது அவளையே இல்லை, நானா தைச்சு வெச்சிருந்த ஒரு பொம்மையை. அவ வேற ஆள். என்னைவிட நல்லா கலாய்ப்பா. முகத்துக்கு நேரா 'நீங்க சொல்றது தப்பு'ன்னு சொல்லுவா. அதுக்கப்புறம்தான் நிஜமாவே பிடிச்சுப்போச்சு.

மூணு மாசம் கழிச்சுக் கேட்டுட்டேன். ''சனிக்கிழமை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கப் போலாமா? நாம ரெண்டு பேர் மட்டும். இஷ்டம் இல்லேன்னா நோ ப்ராப்ளம்.''

அவ யோசிக்கவே இல்லை. ''இல்லைங்க, வேண்டாம். பஸ் ஸ்டாப் ஃப்ரெண்ட்ஸாவே இருப்போம்.''

''சரிங்க''ன்னேன். வலிக்கலைன்னு சொன்னா பொய். அன்னிக்கு சாயங்காலம் மொட்டை மாடியில ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'நாளைக்கு அடுத்த ஸ்டாப்ல போய் ஏறிடலாமா?'ன்னுகூட யோசனை வந்துச்சு. அப்போதான் உறைச்சுது. ஒரு தடவை என்னால அவ ஸ்டாப்பை மாத்தினா. இப்போ நான் மாத்தினா, 'வேண்டாம்னு சொன்னதுக்குத் தண்டனை போல'ன்னு அவ நெனைக்க மாட்டாளா?

மறுநாள் 7.05. அதே காளவாசல். நேத்து ராத்திரி ஒத்திகை பார்த்த அதே சாதாரணக் குரல்ல, ''குட்மார்னிங்''னேன். அவ முகத்துல ஒரு செகண்ட் தயக்கம். அப்புறம் தோள் இறங்கி, ''குட்மார்னிங். ரெக்கார்ட் எழுதிட்டீங்களா?''ன்னா.

தன்னம்பிக்கைன்னா, கேட்டதும் 'சரி'ன்னு சொல்ல வைக்கிற வித்தைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது இல்லை பாஸ். 'வேண்டாம்'னு சொன்னவங்க மறுநாளும் அதே ஸ்டாப்ல பயமில்லாம நிக்கணும். நாமளும் தலைகுனியாம அங்கே நிக்கணும். அது முடிஞ்சா, யார்கிட்ட வேணும்னாலும் பேச்சை ஆரம்பிக்கலாம்.

நாளைக்குக் காலையில உங்க ஸ்டாப்லயும் அந்த முகம் வரும். போனைப் பாக்கெட்ல போட்டுட்டு ஒரு 'குட்மார்னிங்' சொல்லிப் பாருங்க. பதில் வந்தா சந்தோஷம். வரலைன்னா, பஸ் வரும்... ஏறிக்குங்க!